ஹோர்மோன் சிகிச்சையில் இருக்கும்போது எலும்பைக் கணக்கு வைத்துப் பார்ப்பது எப்படி

மாதவிடாய் நின்றபின் ஹோர்மோன் குளிசை தொடங்கிச் சில கிழமைகளில் உடம்பு வெக்கை அடங்கும், இரவு வியர்வை குறையும், தூக்கம் திரும்பும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இதுவே காணும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எலும்பு விஷயத்தில் இது காணாது. வெக்கையை அடக்கப் போதுமான ஈஸ்ட்ரோஜன் அளவு, சிலருக்கு எலும்பைக் காக்கப் போதாமல் போகும். எலும்பு மெலிவது நோகாது, வீங்காது, காய்ச்சலும் வராது. ஆகவே அளந்துதான் பார்க்க வேண்டும். அளந்து ஒப்பிடுவதென்றால் தொடக்க அளவு ஒன்று கையில் இருக்க வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெரும்பாலான பெண்களிடம் இல்லாமல் இருப்பது அந்தத் தொடக்க அளவுதான்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஊர்ப் பேச்சில் "எலும்பு தேய்ஞ்சு போச்சு" என்று இரண்டு வேறு நோய்களைச் சொல்கிறோம். முழங்கால் மூட்டுக் குருத்தெலும்பு தேய்வது ஒன்று. அது நோகும், படி ஏறவிடாது. எலும்புக்குள் இருக்கும் வலைப்பின்னல் மெலிந்து அடர்த்தி குறைவது மற்றது. வைத்தியர்கள் ஒஸ்டியோபொரோசிஸ் என்பது இதைத்தான். முழங்கால் நோவுக்கு எடுத்த எக்ஸ்ரே இந்த இரண்டாவதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு வெளிறித் தெரிவதற்குள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அடர்த்தி போயிருக்கும். "எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள்" என்பதைத் தொடக்க அளவாக எழுதி வைக்க வேண்டாம்.

தொடக்க அளவில் என்னென்ன இருக்க வேண்டும்

சிகிச்சை தொடங்குவதற்கு முன், பிந்தினால் முதல் 3 மாதத்துக்குள், ஒரு கொப்பியில் இவற்றை எழுதிவிடுங்கள்: உயரம், நிறை, கடைசி மாதவிடாய் வந்த மாதமும் வருடமும், சூல்பை அகற்றியிருந்தால் அந்த வருடம், பெரியவளான பிறகு முறிந்த எலும்புகள், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு முறிந்ததா, எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரும் மில்லிகிராமும்.

எலும்பு முறிவுக் கணக்கில் ஒன்று அடிக்கடி விடுபடும். கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றி மணிக்கட்டு முறிந்து, முறிவு நெரிவு வைத்தியரிடம் பத்துப் போட்டுக் கட்டிச் சுகமானதை வைத்தியசாலையில் யாரும் சொல்வதில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால் அது பலவீன முறிவு. எங்கே கட்டினாலும் முறிவு முறிவுதான். 45 வயதுக்குப் பிறகு அப்படி ஒன்று நடந்திருந்தால் உங்கள் ஆபத்துக் கணக்கே மாறிவிடும்.

அடர்த்தியை அளக்கும் பரிசோதனை டெக்ஸா ஸ்கேன். 65 வயதைத் தாண்டிய பெண்கள் எல்லோருக்கும் அது பொருந்தும். அதற்குக் குறைந்த வயதில், 45க்கு முன் மாதவிடாய் நின்றவர்கள், மெலிந்தவர்கள், பிரெட்னிசொலோன் 3 மாதத்துக்கு மேல் எடுத்தவர்கள், ருமற்றொயிட் மூட்டுவாதம் உள்ளவர்கள், முன்பே எலும்பு முறிந்தவர்கள் ஆகியோருக்குத் தேவை. ஸ்கேனுக்காகத் தூரம் போக வேண்டியிருந்தால் யார் முதலில் போக வேண்டும் என்பதை ஆசியப் பெண்களுக்கென்று உருவான ஒஸ்ரா கணக்கு சொல்லும். நிறையிலிருந்து (கிலோ) வயதைக் கழித்து 0.2ஆல் பெருக்குங்கள். 62 வயது, 48 கிலோ என்றால் 48 − 62 = −14; பெருக்கினால் −2.8. விடை −1க்கு மேல் என்றால் ஆபத்துக் குறைவு, −1 முதல் −4 வரை நடுத்தரம், −4க்குக் கீழே என்றால் அதிகம். நடுத்தரமும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். இது சலித்தெடுக்கும் கணக்கு மட்டுமே. நோய் இருக்கிறதா இல்லையா என்று இது தீர்ப்புச் சொல்லாது.

ஃபிராக்ஸ் என்ற இன்னொரு கணக்கில் இலங்கைக்கென்று தனி மாதிரி உண்டு. அடுத்த 10 ஆண்டில் முறிவு ஏற்படும் வாய்ப்பை அது சதவீதமாகத் தரும். ஸ்கேன் இல்லாமலும் போடலாம். ஆனால் அது எலும்பு மருந்து எடுக்காதவரை வைத்துச் செய்த கணக்கு. ஹோர்மோன் தொடங்கும்போது ஒரு தடவை போட்டு எழுதி வையுங்கள். சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க வருடாவருடம் அதைப் போடுவதில் பயனில்லை, வயது கூடக் கூட எண்ணும் கூடத்தான் செய்யும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு நடக்கும் வெல் வுமன் கிளினிக் நல்ல வாசல். உயரம், நிறை, பிரஷர், மார்புப் பரிசோதனை, பப் பரிசோதனை எல்லாம் அங்கேயே முடியும். ஹோர்மோன் தொடங்கும் முன் இவை எப்படியும் வேண்டும். உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸியைக் கேட்டால் நாள் சொல்வார். ஹோர்மோன் மருந்தை எழுதுவதும் மாற்றுவதும் வி.ஓ.ஜி. (மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணர்) கிளினிக்கில், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ உங்களுக்குக் கிட்டிய ஆதார வைத்தியசாலையிலோ. மார்புப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள், இரத்தக்கட்டி இருப்பவர்கள் இந்த வழியில் போகவே கூடாது. அவர்களுக்கு எலும்புக்கு வேறு மருந்து உண்டு.

ஸ்கேனுக்கு முன்பதிவு செய்யும்போதும் போகும்போதும்

முன்பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள். முள்ளந்தண்டும் இடுப்பும் இரண்டும் எடுப்பார்களா? மெஷினின் கம்பனியும் மாதிரியும் என்ன? அறிக்கையில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை கிராம் என்ற அளவு இருக்குமா, வெறும் ரி-ஸ்கோர் மட்டும்தானா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள். இரண்டு வருடம் கழித்து நீங்கள் ஒப்பிடப் போவது அந்தக் கிராம் அளவைத்தான்.

பாமசி வாசலிலும் இலவச முகாம்களிலும் குதிகாலை வைத்துப் பார்க்கும் சிறிய கருவி டெக்ஸா அல்ல, அது ஒலியலைக் கருவி. அதன் எண் "பெரிய ஸ்கேன் ஒன்று எடுங்கள்" என்று சொல்லலாம். ஹோர்மோன் சிகிச்சையின் பலனைத் தொடர்ந்து பார்க்க உதவாது. சிகிச்சைக்குக் குதிகால் மிக மெதுவாகத்தான் மாறும்.

ஸ்கேன் எடுக்கும் நாளில் காலைக் கல்சியம் குளிசையை விட்டுவிடுங்கள். வயிற்றுக்குள் கரையாமல் கிடக்கும் குளிசை முள்ளந்தண்டின் மேல் வெள்ளைப் புள்ளியாக விழுந்து அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். இரண்டு கிழமைக்குள் பேரியம் குடித்தோ சாயம் ஏற்றியோ வேறு ஸ்கேன் எடுத்திருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள். வெறுவயிறாக இருக்கத் தேவையில்லை. ஊசியும் இல்லை. கதிர்வீச்சு மிகச் சிறியது. மார்பு எக்ஸ்ரே ஒன்றைவிடக் குறைவு.

உடுப்பில்தான் பிழை நடக்கும். சேலைக் கொசுவத்தில் குத்திய ஊக்கு, அபாயாவின் உலோகப் பொத்தான், பாவாடைக் கொக்கி எல்லாம் படத்தில் எலும்போடு சேர்ந்து எண்ணப்படும். எல்லாவற்றையும்விட மறந்துபோவது அரைஞாணில் கோத்த வெள்ளித் தாயத்து. படுத்திருக்கும்போது அது சரியாக 3ஆம், 4ஆம் இடுப்பு முள்ளென்பின் மேல் வந்து விழும். வருடக்கணக்காக உடம்பில் கிடப்பதால் அது இருப்பதே ஞாபகம் வராது. கழற்ற மனமில்லாவிட்டால் மேலே மார்புப் பக்கம் இழுத்துவிட்டால் போதும், அதையும் படம் எடுப்பவரிடம் சொல்லிச் செய்யுங்கள். கழுத்துத் தாலிக்கொடி இடுப்புப் படத்தில் வராது. ஆனால் நீளமான சங்கிலி வயிறுவரை இறங்கினால் முதுகுப்புறம் தள்ளாமல் தோளுக்கு மேல் எடுத்து வையுங்கள்.

படுக்கையில் முழங்கால்களை ஒரு பெட்டியின் மேல் உயர்த்தி முள்ளந்தண்டைத் தட்டையாக்குவார்கள். பிறகு ஒரு காலை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டி இடுப்பை எடுப்பார்கள். அந்தக் கால் திரும்பும் அளவு மாறினால் தொடை எலும்புக் கழுத்தின் அளவும் மாறும். எந்தக் கால் என்று கொப்பியில் எழுதுங்கள். அடுத்த முறையும் அதே கால்தான்.

அறிக்கையை வாசிப்பது

ரி-ஸ்கோர் என்பது உங்கள் எலும்பை இளம் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்ட எண். −1ம் அதற்கு மேலும் இயல்பு; −1க்கும் −2.5க்கும் இடையில் அடர்த்திக் குறைவு, −2.5ம் அதற்குக் கீழும் ஒஸ்டியோபொரோசிஸ். 1994இல் உலக சுகாதார நிறுவனம் போட்ட எல்லை இது. முள்ளந்தண்டு, முழு இடுப்பு, தொடை எலும்புக் கழுத்து மூன்றில் மிகக் குறைந்ததை எடுக்க வேண்டும். சராசரி போட வேண்டாம். ஸெட்-ஸ்கோர் உங்கள் வயதுப் பெண்களோடு ஒப்பிட்டது. அது −2க்குக் கீழே போனால் வயதும் மாதவிடாயும் மட்டும் காரணமாக இருக்காது, வேறு காரணம் தேட வேண்டும்.

முள்ளந்தண்டுப் பகுதியில் எல்1 முதல் எல்4 வரை நான்கு எலும்புகளுக்கும் தனித்தனி எண் இருக்கும். மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். எல்1 −2.6, எல்2 −2.4, எல்3 −2.2, எல்4 −0.4 என்று ஒரு அறிக்கை வந்தால் எல்4 பொய் சொல்கிறது. வயதோடு வரும் எலும்பு முளையோ, நசுங்கிய முறிவோ அந்த ஒரு எலும்பை அடர்த்தியாகக் காட்டும். பக்கத்து எலும்போடு 1க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கணக்கிட வேண்டும். அறுபதைத் தாண்டியவர்களில் இது சாதாரணம். அதனால் அந்த வயதில் முள்ளந்தண்டைவிட இடுப்பு எண்ணை நம்புவது நல்லது.

இரண்டாவது ஸ்கேன்: எது மாற்றம், எது மெஷினின் தடுமாற்றம்

சிகிச்சை தொடங்கி 1 முதல் 2 வருடத்தில் மறு ஸ்கேன். ஆறு மாதத்தில் எடுப்பது காசுக்குக் கேடு. எலும்பு அவ்வளவு வேகமாக மாறாது, மெஷினின் பிழை அளவை மாற்றம் தாண்டியிருக்காது. நியம அளவில் ஹோர்மோன் எடுப்பவருக்கு இரண்டு மூன்று வருடத்தில் முள்ளந்தண்டில் ஏறக்குறைய 4 முதல் 7 சதவீதம் கூடலாம், இடுப்பில் அதைவிடக் குறைவு.

ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு தடவை படுக்க வைத்து எடுத்தாலே எண் சற்று மாறும். ஆகவே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு குறைந்தபட்ச அர்த்தமுள்ள வித்தியாசம் உண்டு. நல்ல நிலையத்தில் அது முள்ளந்தண்டுக்கு 5.3 சதவீதம், முழு இடுப்புக்கு 5 சதவீதம், தொடை எலும்புக் கழுத்துக்கு 6.9 சதவீதம் என்ற எல்லைகளைத் தாண்டக் கூடாது. தங்கள் நிலையத்தின் எண் தெரியாவிட்டால் இந்த எல்லைகளையே வைத்துக் கொள்ளுங்கள்.

போட்டுப் பார்ப்போம். முழு இடுப்பு முதலில் 0.812, இரண்டு வருடம் கழித்து 0.795. வித்தியாசம் 0.017, அதை 0.812ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 2.1 சதவீதக் குறைவு. 5க்குள் இருக்கிறது, ஆகவே மாற்றமில்லை என்றே எழுத வேண்டும். மாதவிடாய் நின்ற முதல் வருடங்களில் மருந்து இல்லாமல் வருடத்துக்கு 2 சதவீதம்வரை போகக்கூடிய எலும்பு, இரண்டு வருடமாக நின்ற இடத்தில் நிற்கிறது என்றால் மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது. கூடவில்லையே என்று கவலைப்பட்டு மருந்தை மாற்றக் கேட்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. முள்ளந்தண்டு 0.846இலிருந்து 0.892 ஆகியிருந்தால் 5.4 சதவீதக் கூடுதல். அது உண்மையான கூடுதல், மயிரிழையில்.

ரி-ஸ்கோரை ரி-ஸ்கோரோடு ஒப்பிடாதீர்கள். எந்த இனத் தரவோடு ஒப்பிடுவது என்பதை மெஷினில் மாற்றினால் எலும்பு மாறாமலே ஸ்கோர் மாறும். ஒரு கம்பனி மெஷினின் கிராம் அளவை இன்னொரு கம்பனி மெஷினின் அளவோடு வைத்துக் கழிக்கவும் முடியாது. முதல் ஸ்கேனைக் கொழும்பில் மகள் வீட்டில் நின்று எடுத்திருந்தால் அடுத்ததுக்கும் அதே மெஷினுக்கு உதயதேவி ஏறுவதுதான் சரி. கிட்ட வேறு மெஷின் கிடைத்தால், அங்கே எடுப்பதைப் புதிய தொடக்க அளவாக எழுதுங்கள்.

இரண்டு ஸ்கேனுக்கு நடுவில்: சுவரும் கொம்பாசும்

காசில்லாத பரிசோதனை உயரம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, காலையில் எழுந்த கையோடு. மாலைக்குள் முள்ளந்தண்டின் வட்டுகள் அமுங்கி 1 சென்ரிமீற்றர்வரை குறைந்துவிடும், ஆகவே நேரம் மாறினால் கணக்கும் மாறும்.

அடியில் டைல் விளிம்பு ஒட்டாத சுவராகப் பாருங்கள். விளிம்பு குதிகாலை முன்னே தள்ளி உடம்பைச் சாய்க்கும். கதவின் பின்பக்கம் பெரும்பாலும் சரிவரும். செருப்பில்லாமல், குதிகால், இருக்கை, தோள் மூன்றும் சுவரில் பட நேரே பாருங்கள். கொண்டையை அவிழ்த்துப் பக்கவாட்டில் விடுங்கள். பிள்ளையின் கொம்பாஸ் பெட்டியில் இருக்கும் மூலைமட்டத்தின் ஒரு விளிம்பைச் சுவரோடும் மற்றதைத் தலையோடும் அழுத்தி வீட்டில் ஒருவர் பென்சிலால் கோடு போடட்டும். விலகி நின்று மறுபடி நில்லுங்கள், மூன்று முறை. மூன்று கோட்டின் சராசரிதான் அன்றைய உயரம். தையல் நாடா இழுபடும். மேசன்மார் வைத்திருக்கும் இரும்பு நாடாவால் அளப்பது திருத்தம்.

அளக்கத் தொடங்கிய பிறகு 2 சென்ரிமீற்றர் குறைந்தாலோ, இளவயது உயரத்திலிருந்து 4 சென்ரிமீற்றர் குறைந்திருந்தாலோ முள்ளென்பு நசுங்கியிருக்கலாம். பக்கவாட்டு முள்ளந்தண்டு எக்ஸ்ரே ஒன்று கேளுங்கள், அதற்கு ஆதார வைத்தியசாலை போதும். இளவயது உயரம் தெரியாதே என்பவர்கள் பிள்ளை வயிற்றில் இருந்த காலத்துக் கிளினிக் அட்டையைத் தேடுங்கள். சுனாமியிலும் வெள்ளத்திலும் போகாமல் மிஞ்சியிருந்தால் அதில் உயரம் எழுதியிருக்கும்.

அதே சுவரில் இன்னும் இரண்டு பார்க்கலாம். நேரே நின்று நாடியை உயர்த்தாமல் பின்தலை சுவரில் படுகிறதா? படாமல் இடைவெளி இருந்து, அது ஒவ்வொரு முறையும் கூடினால் மேல்முதுகு வளைகிறது. அடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் பக்கவாட்டில் எத்தனை விரல் போகிறது? இரண்டு விரல் போகாவிட்டால் இடுப்பு முள்ளென்பு நசுங்கியிருக்கும் சாத்தியம் உண்டு. முள்ளென்பு முறிவுகள் பலவும் "நாரி பிடிச்சிட்டு" என்று தைலம் பூசிக் கடந்துபோகிறவை. பாரம் தூக்கியோ இருமியோ திடீரென்று முதுகில் நோவு வந்து இரண்டு கிழமைக்கு மேல் நின்றால் அடுத்த ஸ்கேன் திகதிவரை காத்திருக்க வேண்டாம்.

இரத்தப் பரிசோதனை

தொடக்கத்தில் கல்சியம், அல்புமின், கிரியற்றினின், அல்கலைன் பொஸ்பற்றேஸ், தைரொயிட் (டி.எஸ்.எச்.), முழு இரத்த எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆர்., முடிந்தால் 25-ஹைட்ரொக்சி விற்றமின் டி. எல்லாம் இயல்பாக இருந்தால் வருடாவருடம் முழுப் பட்டியலையும் திருப்பிச் செய்யத் தேவையில்லை.

கல்சியம் குறைவாகத் தெரிந்தால் அல்புமினைப் பாருங்கள். அல்புமின் 40இலிருந்து குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.02 கூட்ட வேண்டும். கல்சியம் 2.05, அல்புமின் 32 என்றால் 8 × 0.02 = 0.16, திருத்திய அளவு 2.21. பயப்பட ஒன்றுமில்லை. கல்சியம் கூடியிருந்தால் அது வேறு கதை. இரத்தக் கல்சியத்தைக் கட்டுப்படுத்தும் பரதைரொயிட் ஹோர்மோனைப் பார்க்க வேண்டும், பார்க்கும்வரை கல்சியம் குளிசையை நிறுத்தி வைக்க வேண்டும்.

விற்றமின் டி ஒரு ஆய்வுகூடத்தில் ஒரு அலகிலும் மற்றதில் வேறு அலகிலும் வரும். நனோகிராம் எண்ணை 2.5ஆல் பெருக்கினால் நனோமோல். 20 நனோகிராமும் 50 நனோமோலும் ஒன்றே, அதற்குக் கீழே குறைவு. வெயில் கொட்டுகிற கரையோரத்தில் இது எப்படிக் குறையும் என்று கேட்பார்கள். வெயில் தோலில் பட்டால்தானே. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் இருப்பவர்கள், முழுக்க மூடி உடுத்துபவர்கள், கறுத்த தோலுள்ளவர்கள் எல்லோருக்கும் குறையலாம். மருந்து தொடங்கினால் 3 மாதத்துக்குப் பிறகே மறுபடி பாருங்கள்.

தைரொக்சின் எடுப்பவர் வாயால் ஈஸ்ட்ரோஜன் தொடங்கினால் தைரொக்சின் தேவை கூடலாம். 6 முதல் 12 கிழமைக்குள் டி.எஸ்.எச். பாருங்கள். தோலில் ஒட்டும் பட்ச்சில் இந்தச் சிக்கல் வருவதில்லை. மறுபக்கம், தைரொக்சின் கூடிப்போனால் அதுவே எலும்பைத் தின்னும்.

எலும்பு உடைபடும் வேகத்தைக் காட்டும் சி.ரி.எக்ஸ். என்ற பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. இரண்டு வருடம் காத்திராமல் 3 முதல் 6 மாதத்தில் மருந்து பிடிக்கிறதா என்று அறிய வேண்டியவர்களுக்கு உதவும். வெறுவயிற்றில், காலை 10 மணிக்கு முன் இரத்தம் கொடுக்க வேண்டும். சாப்பிட்டால் எண் விழுந்துவிடும். மருந்துக்கு முன் எடுத்த எண் இல்லாவிட்டால் பின் எடுத்ததற்கு அர்த்தம் குறைவு. முடி கொட்டுவதற்கு பயோட்டின் குளிசை எடுப்பவர்கள் இரத்தம் கொடுப்பதற்கு 2 நாள் முன் நிறுத்துங்கள். அது பல ஹோர்மோன் பரிசோதனைகளைக் குழப்பும்.

கல்சியம்: குளிசையின் பெயரை வாசியுங்கள்

சிகிச்சையோடு ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கல்சியம், சாப்பாடும் குளிசையும் சேர்த்து. அரசாங்கக் கிளினிக்கில் கிடைக்கும் கல்சியம் லக்ரேற் 300 மில்லிகிராம் குளிசையில் உள்ள உண்மையான கல்சியம் 13 சதவீதம், அதாவது 39 மில்லிகிராம். காலையும் இரவும் ஒன்று போட்டால் 78; ஒரு கிளாஸ் பாலில் மூன்றிலொரு பங்கு. "நான் கல்சியம் எடுக்கிறேன்" என்று சொல்பவர்களில் பலர் எடுப்பது இவ்வளவுதான். கல்சியம் காபனேற் 1250 மில்லிகிராம் குளிசையில் 500 உண்டு. அதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், ஒரு தடவையில் 500க்கு மேல் வேண்டாம், தைரொக்சினுக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி விட வேண்டும். நோன்பு காலத்தில் சஹருக்கு ஒன்று, நோன்பு திறந்து சாப்பிட்ட பின் ஒன்று.

எங்கள் பக்கத்தில் சாப்பாட்டிலேயே பாதியை எடுத்துவிடலாம். எருமைத் தயிர் 100 கிராமில் 150க்கு மேல், குரக்கன் மா 50 கிராமில் ஏறக்குறைய 170, முருங்கையிலை ஒரு கைப்பிடிச் சுண்டல், முள்ளோடு மெல்லக்கூடிய நெத்தலி, சூடை. நெத்தலிக் கருவாட்டை ஊறவைத்து உப்பைக் கழுவிவிட்டுச் சமையுங்கள். உப்புக் கூடினால் சிறுநீரோடு கல்சியமும் போகும். வெற்றிலை போடுபவர்கள் வைத்தியரிடம் அதையும் சொல்ல வேண்டும். சுண்ணாம்பிலும் கல்சியம் இருக்கிறது. நிறையக் குளிசையும் நிறைய வெற்றிலையும் சேர்ந்தால் இரத்தத்தில் கல்சியம் அளவுக்கு மிஞ்சிச் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்.

உண்மையாகவே குறைந்திருந்தால்

எல்லை தாண்டிக் குறைந்திருந்தால் மருந்தை மாற்றுவதற்கு முன் தேட வேண்டியவை உண்டு. முதலில் தவறிய நாட்கள். பாமசியில் முடிந்துவிட்டது, கிளினிக் திகதி தவறிவிட்டது என்று ஒன்றிரண்டு கிழமை விட்டால் எலும்பு கணக்கில் எடுக்காது, மாதக்கணக்கில் விட்டால் எடுக்கும். துண்டில் மருந்தின் இயற்பெயரையும் எழுதி வாங்கினால் ஒரு கம்பனி இல்லாவிட்டால் இன்னொன்று வாங்கலாம்.

பட்ச் ஒட்டுபவர்களுக்கு இந்தப் புழுக்கமே எதிரி. எண்ணெய், பவுடர் பூசிய தோலில் அது பிடிக்காது. குளித்து நன்றாக ஈரம் துடைத்து, பாவாடைக் கயிறு உரசாத இடத்தில், இருக்கையிலோ அடிவயிற்றிலோ ஒட்டி உள்ளங்கையால் 10 விநாடி அழுத்துங்கள். மார்பில் ஒட்டக் கூடாது. விளிம்பு சுருண்டு அரைவாசி கழன்ற பட்ச் அரைவாசி மருந்துதான்.

மூன்றாவது, எடுப்பது என்ன ஈஸ்ட்ரோஜன்? பெண்ணுறுப்பு வறட்சிக்குப் பூசும் கிரீம் எலும்புக்குப் போய்ச் சேராது. நியம அளவு என்று சொல்வது வாயால் எடுக்கும் ஈஸ்ட்ரடியோல் 1 அல்லது 2 மில்லிகிராம், அல்லது கொஞ்சுகேற்றட் ஈஸ்ட்ரோஜன் 0.625 மில்லிகிராம், அல்லது 50 மைக்ரோகிராம் பட்ச். இதைவிடக் குறைந்த அளவும் பலருக்கு எலும்பைப் பிடித்து வைக்கும், ஆனால் ஆளுக்காள் வேறுபடும். கருப்பை இருப்பவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கூட்டக் கூடாது. புரொஜெஸ்ட்ரோனும் சேர வேண்டும், இல்லையென்றால் கருப்பை உள்சுவர் தடிக்கும்.

பிறகு மற்ற மருந்துகள். வலிப்புக்கு எடுக்கும் பெனிற்றொயின், கார்பமசெபின், காசநோய்க்கு எடுக்கும் ரிபம்பிசின் ஆகியவை ஈஸ்ட்ரோஜனையும் விற்றமின் டியையும் வேகமாக உடைத்துவிடும். ஆஸ்துமா இழுப்புக்கும் மூட்டு நோவுக்கும் எடுக்கும் பிரெட்னிசொலோன் எல்லாவற்றையும்விட மோசம். பெயர் இல்லாமல் கடதாசியில் சுற்றித் தரும் நோவுக் குளிசைகளில் அது இருக்கக்கூடும். சுற்றிய கடதாசியோடு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். இவற்றில் எதுவும் இல்லையென்றால்தான் பரதைரொயிட், மயலோமா (எலும்பு மச்சைப் புற்றுநோய்), குடல் உறிஞ்சாமை என்று உள்ளே தேட வேண்டும்.

ஹோர்மோன் எடுத்துக்கொண்டிருக்கும்போதே நின்ற உயரத்தில் விழுந்து இடுப்போ முள்ளென்போ முறிந்தால் ஸ்கேன் எண் என்ன சொன்னாலும் சரி, எலும்புக்குத் தனி மருந்து பற்றிப் பேச வேண்டிய நேரம் அது.

நிறுத்தும்போது

2002இல் அமெரிக்காவில் வெளியான டபிள்யூ.எச்.ஐ. (விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்) என்ற பெரிய ஆய்வில் ஹோர்மோன் எடுத்தவர்களுக்கு இடுப்பு முறிவு மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. அதே ஆய்வு மார்புப் புற்றுநோய், இரத்தக்கட்டி பற்றிய பயத்தையும் கொண்டுவந்ததில் ஏராளமானோர் ஒரே இரவில் நிறுத்தினார்கள். நிறுத்தினால் ஈஸ்ட்ரோஜனின் காவல் தொடராது. மாதவிடாய் நின்றபோது நடந்த வேகமான இழப்பு மறுபடி தொடங்கிச் சேர்த்ததைச் சில வருடங்களில் கரைத்துவிடும். 45க்கு முன் மாதவிடாய் நின்றவர்களும் சூல்பை இரண்டும் எடுத்தவர்களும், தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் 50 வயது வரையாவது தொடர்வது வழக்கம். அவர்கள் பக்கத்து வீட்டாரின் பயத்தை வாங்கிக்கொண்டு இடையில் விடுவதுதான் எலும்புக்குப் பெரிய நட்டம்.

நிறுத்தத் தீர்மானித்தால் நிறுத்தும் மாதத்தில் ஒரு ஸ்கேன், பிறகு 1 முதல் 2 வருடத்தில் இன்னொன்று. முதலாவதிலேயே −2.5க்குக் கீழே இருந்தால் இடைவெளி விடாமல் வேறு எலும்பு மருந்துக்கு மாற வேண்டும். பெரும்பாலும் அலென்ட்ரோனேற் 70 மில்லிகிராம், கிழமைக்கு ஒன்று. சிறுநீரகம் வெகுவாகப் பழுதானவர்களுக்கு அது ஆகாது. தொடக்கத்தில் எடுத்த கிரியற்றினின் அளவு இங்கே கைகொடுக்கும். எழுந்தவுடன் வெறுவயிற்றில் ஒரு கிளாஸ் நிறைந்த வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். காலைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது. விழுங்கிவிட்டுச் சாய்ந்தால் களம் (உணவுக்குழாய்) புண்ணாகும். கிழமையில் ஒரு நாளைக் குறித்துக் கொள்ளுங்கள்; வெள்ளிக்கிழமை கோயிலுக்கோ பள்ளிக்கோ வீடு பரபரப்பாக இருக்கும், ஞாயிறு காலை தோது.